ரைட்டர் வேலை

காலை ஆறரை மணிக்கு மத்திகிரி கூட்டு ரோட்டில் வந்து நின்று பாருங்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கமிருந்து தக்காளியும் கொத்தமல்லியும் ஏற்றிக்கொண்டு டெம்போக்கள் வரும். ரோட்டோரம் கம்பெனி பஸ்ஸுக்காக ஆட்கள் நிற்பார்கள். சட்டை நிறத்தை வைத்தே யார் எந்தத் தொழிற்சாலை என்று டீக்கடைக்காரர் சொல்லிவிடுவார். யூனிஃபார்ம் இல்லாமல் கழுத்தில் அட்டை மட்டும் தொங்கினால், அவர் பார்டரைத் தாண்டி எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போகிறவர் என்று அர்த்தம். டீயைத் தெலுங்கில் கேட்டு, கன்னடத்தில் அரசியல் பேசி, தமிழில் காசு கொடுக்கிற ஊர் இது.

இதே இடத்தில் நான் காக்கி போட்டுக்கொண்டு பந்தோபஸ்துக்கு நின்றிருக்கிறேன். பிறகு கழுத்தில் அட்டையோடும் நின்றிருக்கிறேன். அதனால் இந்த ஊரில் என்னைப் பார்க்கிறவர்கள் விசாரிக்கிற முதல் கேள்வி, 'சுகமா?' இல்லை. 'போலீஸ் வேலையைப் போய் யாராவது விடுவாங்களா சார்?' என்பதுதான். நீங்களும் அதைத்தானே கேட்கப் போகிறீர்கள்? சொல்கிறேன்.

1997ல் இரண்டாம் நிலைக் காவலராகச் சேர்ந்தேன். அப்போது இது தர்மபுரி மாவட்டம். 2004 பிப்ரவரியில்தான் கிருஷ்ணகிரி தனியாகப் பிரிந்தது. டைப்ரைட்டிங் ஹையர் பாஸ் செய்திருந்தேன். போலீஸில் அது ஒரு வரமும் சாபமும். டைப் தெரிந்தவனை வெளியே விடமாட்டார்கள். மூன்றே வருஷத்தில் ஸ்டேஷன் ரைட்டருக்குக் கையாளாக உட்கார்ந்தேன். அப்புறம் நானே ரைட்டர்.

ஸ்டேஷன் ரைட்டர் என்றால் என்ன வேலை என்று உங்களுக்குத் தெரிந்திருக்காது. சினிமாவில் ஓரமாக உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருப்பாரே, வசனமே இல்லாமல், அவர்தான். எஃப்.ஐ.ஆர்., ஜி.டி. என்கிற பொது நாட்குறிப்பு, கைது அட்டை, கோர்ட்டுக்குப் போகிற கட்டு, எல்லாம் அவர் கையெழுத்து. இன்ஸ்பெக்டர் மாறுவார், எஸ்.ஐ. மாறுவார். எந்த ரிஜிஸ்டர் எந்த பீரோவில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஜீவன் ரைட்டர்.

2000க்குப் பிறகு ஸ்டேஷனுக்கு ஒரு கம்ப்யூட்டர் வந்தது. வந்து ஆறு மாதம் அதன் மேல் துணி போர்த்தியிருந்தது. ஆயுத பூஜை அன்றைக்கு மட்டும் சந்தனம் குங்குமம் வைத்து, துப்பாக்கிகளுக்குப் பக்கத்தில் அதையும் சேர்த்துக் கும்பிட்டோம். துணியை எடுத்தது நான்தான். டைப் தெரியும் என்பதைத் தவிர வேறு தகுதி இல்லை. பாரா டூட்டி முடிந்து, ஊர் அடங்கின பிறகு, அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்து பழைய கேஸ்களை ஏற்றுவேன். ஒரு பெயரை அடித்தால், நாலு வருஷம் முந்தின கேஸ் ஒரு நொடியில் மேலே வருகிறது! பீரோவுக்குள் தலையை விட்டுத் தூசியில் தும்மித் தும்மித் தேடினவனுக்குத்தான் அந்த ஒரு நொடியின் அருமை தெரியும். எனக்குப் பைத்தியம் பிடித்தது அப்போதுதான். இக்னோவில் பி.ஸி.ஏ. சேர்ந்தேன். சானமாவு காட்டில் யானைக்கூட்டம் இறங்கி, வேடிக்கை பார்க்க வந்த ஜனத்தை விரட்டுகிற டூட்டியில், ஜீப்புக்குள் டார்ச் அடித்துப் படித்திருக்கிறேன். மூன்று வருஷப் படிப்பை ஐந்து வருஷத்தில் முடித்தேன். 2006.

இங்கே ஒரு சின்ன ஆச்சரியம் சொல்ல வேண்டும். போலீஸுக்கும் கம்ப்யூட்டருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கிறவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற கதை. 1897ல் கல்கத்தாவில் விரல்ரேகைப் பிரிவு தொடங்கியது. விரல்ரேகை ஆளுக்கு ஆள் வேறு என்பது அதற்கு முன்பே தெரியும். பிரச்னை அதுவல்ல. ஆயிரக்கணக்கான அட்டைகள் குவிந்தால், கையில் இருக்கும் ரேகைக்கு ஜோடியை எப்படித் தேடுவது? அதற்கு வழி கண்டவர் அஸிஸுல் ஹக் என்கிற வங்காளத்து சப்-இன்ஸ்பெக்டர். பத்து விரல்களின் ரேகை வகையை ஒரு கணக்காக்கி, 32க்கு 32 என்று 1024 அறைகளாகப் பிரித்தார். ஒரு ரேகையைப் பார்த்ததும் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று கணக்கு சொல்லிவிடும். கூடவே வேலை பார்த்த ஹேம் சந்திர போஸ், ரேகையைத் தந்தியில் அனுப்புவதற்குக் குறியீடு உண்டாக்கினார். உலகம் பூராவும் அந்த முறைக்கு மேலதிகாரி எட்வர்ட் ஹென்றியின் பெயர்தான் விளங்கியது. (அதிகாரிக்குப் பெயர் போவது அன்றைக்கும் அப்படித்தான்!) 1024 என்ற எண்ணைப் பார்த்ததும் உங்கள் வீட்டு சாஃப்ட்வேர் பிள்ளை சிரிப்பான். இரண்டைப் பத்து தடவை பெருக்கினால் வருவது. கம்ப்யூட்டர் பிறக்கும் முன்பே ஒரு எஸ்.ஐ. டேட்டாபேஸ் கட்டியிருக்கிறார், ஸார்.

வேலையை விடுவதற்கு இப்படிப்பட்ட வீரதீரக் காரணம் எதுவும் எனக்குக் கிடையாது. வார லீவு என்ற ஒன்று அப்போது இல்லை. காவலர்களுக்கு வாராந்திர ஓய்வு என்று அரசாணை வந்ததே 2021ல்தான். மகள் பிறந்து ஒன்றரை வருஷம் ஆகியும் என்னைப் பார்த்தால் அழுவாள். தூக்கத்தில் மட்டுமே அவளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்னொரு காரணமும் உண்டு. ராத்திரி இரண்டு மணிக்கு அந்தப் பெட்டியின் முன்னால் உட்கார்ந்தால் எனக்குத் தூக்கம் வராது. வேறு எந்த வேலையிலும் தூக்கம் வரும்.

வீட்டில் பெரிய யுத்தம். அப்பா மத்திகிரி கால்நடைப் பண்ணையில் மாடு பார்த்து ரிடையர் ஆனவர். 'பென்ஷன்ங்கிறது ரெண்டாவது புள்ளடா. முதல் புள்ள சோறு போடலைன்னாலும் அது போடும்' என்பார். முதல் பிள்ளை நான்தான் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும்.

அவர் சொன்னதில் கணக்கு இருந்தது. நான் 2003 ஏப்ரல் 1க்கு முன்னால் சேர்ந்தவன், அதாவது பழைய பென்ஷன்காரன். இருபது வருஷ சர்வீஸ் முடித்து விருப்ப ஓய்வு வாங்கினால் பென்ஷன் உண்டு. அதற்கு முன்னால் ராஜினாமா என்று எழுதிக் கொடுத்தால், அதுவரை செய்த சர்வீஸ் முழுக்க ரத்து. எனக்குப் பதினோரு வருஷம் ஆகியிருந்தது. இன்னும் ஒன்பது வருஷம் பல்லைக் கடித்தால் போதும். பல்லைக் கடிப்பது எனக்குப் புதிதும் இல்லை. ஆனால் நாற்பத்திரண்டு வயதில் வெளியே வந்தால் எந்த கம்பெனி புதுசாகச் சேர்க்கும்?

அப்பாவிடம் நான் பண்ணையை வைத்தே வாதாடினேன். 1824ல் அந்தப் பண்ணையைத் தொடங்கியது ராணுவத்துக்குக் குதிரை வளர்க்க. பிறகுதான் மாட்டுப் பண்ணை ஆனது. 'சண்டைக் குதிரை வளர்த்த இடம் பால்மாடு வளர்க்கலையாப்பா?' என்றேன். அவர் வெற்றிலையை மென்றுகொண்டே சொன்னார்: 'குதிரை ராஜினாமா பண்ணலடா. சர்க்காரு மாத்துச்சு.'

என் மனைவிதான் கணக்கை வேறு மாதிரி போட்டாள். 'ஏங்க, ஒன்பது வருஷம் கழிச்சு பென்ஷன் வாங்கறப்ப பாப்பாவுக்குப் பத்து வயசு முடிஞ்சிருக்கும்' என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

2008 மே மாதம் எழுதிக் கொடுத்தேன். ஸ்டேஷனில் யாரும் நம்பவில்லை. 'யாருகிட்ட சண்டை? நான் பேசறேன்' என்றார் எஸ்.எஸ்.ஐ. கையில் ஒரு கம்பெனியின் கடிதம் இருந்தது. அக்டோபரில் சேர வேண்டும். செப்டம்பர் 15, அமெரிக்காவில் லேமன் பிரதர்ஸ் திவால். அந்தப் பெயரை நான் அதற்கு முன்னால் கேள்விப்பட்டதே கிடையாது. மத்திகிரியில் இருக்கிற ஒரு முன்னாள் கான்ஸ்டபிளின் சோற்றுக்கும் நியூயார்க்கில் இருக்கிற ஒரு பேங்குக்கும் சம்பந்தம் உண்டு என்று எந்த இக்னோ பாடத்திலும் இல்லை. சேரும் தேதி தள்ளிவைக்கப்படுகிறது என்று மெயில் வந்தது. அப்புறம் மெயிலே வரவில்லை. 2009 ஜனவரியில் சத்யம் கம்ப்யூட்டர்ஸ் கணக்கு மோசடி வெளியானது. பார்டருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்களே பயந்துபோயிருந்த நேரம்.

அந்த எட்டு மாதம் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. உரக்கடையில் பில் போட்டேன். மனைவி ஸிப்காட்டில் அசெம்ப்ளி வேலைக்குப் போனாள். அப்பா ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. பென்ஷன் வாங்கின அன்று சாயங்காலம், பாப்பாவுக்கு என்று சொல்லி, பால் பாக்கெட்டும் அரிசியும் வாங்கி வைத்துவிட்டுப் போவார். குத்திக் காட்டியிருந்தால் தேவலை என்று இருந்தது.

2009 மார்ச்சில், எலெக்ட்ரானிக் சிட்டியில் ஒரு கண்காணிப்பு மையத்தில் ஷிஃப்ட் ஆளாக, கான்ட்ராக்டில் எடுத்தார்கள். பெரிய ஹால். சுவர் முழுக்க திரைகள். எங்கெங்கோ இருக்கிற கம்பெனிகளின் கம்ப்யூட்டர்களில் யார் நுழைகிறார்கள், யார் தப்பான பாஸ்வேர்டு போடுகிறார்கள் என்று ராப்பகலாகப் பார்ப்பது. சந்தேகமாக ஏதாவது வந்தால் எழுதி மேலே அனுப்புவது. அந்த எழுத்துக்கு 'டிக்கெட்' என்று பெயர். சுருக்கமாகச் சொன்னால் பீட் டூட்டி. உட்கார்ந்துகொண்டே.

எங்கள் டீம் லீடருக்கு வயது இருபத்தைந்து. எனக்கு முப்பத்து நாலு. அவர் உள்ளே வந்தால் நான் எழுந்து நிற்பேன். 'பெயர் சொல்லிக் கூப்பிடுங்க' என்பார். வாயில் வராது. 'ஐயா' என்று வந்துவிடும். எழுந்து நிற்பதை விடுவதற்கு மூன்று வாரம் ஆனது. சார் என்பதை விட ஒரு வருஷம். மற்ற பையன்கள் நைட் ஷிஃப்ட் என்றால் முகத்தைத் தொங்கப் போடுவார்கள். எனக்கு சிரிப்பு வரும். ஏ.ஸி., சுழல் நாற்காலி, காபி மெஷின், திருடன் கண்ணாடிக்கு அந்தப் பக்கம். இதுக்கு நைட் டூட்டின்னு பேரா?

முதல் மாதம் ஒரு எச்சரிக்கை வந்தது. விசாரித்தால் ஒன்றுமில்லை, அந்தக் கம்பெனி ஆளே பாஸ்வேர்டை மறந்து ஏழு தடவை தட்டியிருக்கிறார். முடிவுரையில் நான் பழக்கதோஷத்தில் 'மிஸ்டேக் ஆஃப் ஃபேக்ட்' என்று எழுதிவிட்டேன். புகார் தவறான புரிதலில் வந்தது என்று தெரிந்தால் எங்கள் ஸ்டேஷனில் கேஸை அப்படித்தான் முடிப்போம். ஹாலே சிரித்தது. டீம் லீடர் மட்டும் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு, 'இந்த மாதிரி வேற என்னவெல்லாம் எழுதுவீங்க?' என்று கேட்டார்.

எஃப்.ஐ.ஆர். படிவத்தை அவருக்குப் படம் போட்டுக் காட்டினேன். அதில் நேரத்துக்கு மூன்று இடம் இருக்கும். சம்பவம் நடந்த நேரம், தகவல் ஸ்டேஷனுக்கு வந்த நேரம், நாட்குறிப்பில் பதிந்த நேரம். புகார் தாமதமாக வந்தால் ஏன் தாமதம் என்று எழுத இன்னொரு இடம். அடிதடி கேஸ் ஒன்று கோர்ட்டில் உடைந்ததை நேரில் பார்த்தவன் நான். ஆஸ்பத்திரியின் விபத்துப் பதிவேட்டில் ஒரு நேரம், எங்கள் பதிவில் அதற்கு இருபத்தைந்து நிமிஷம் பிந்தின நேரம். 'புகாரே வராத ஸ்டேஷனிலிருந்து போலீஸ் எப்படி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனது?' என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்ட கேள்விக்கு எங்களிடம் பதில் இல்லை. இத்தனைக்கும் அடிபட்டவன் உண்மையிலேயே அடிபட்டவன். எங்கள் சுவர்க் கடிகாரம் தப்பு.

அதனால் எனக்கு ஒரு கிறுக்கு. எந்த மெஷினைப் பார்த்தாலும் முதலில் அதன் கடிகாரத்தைப் பார்ப்பேன். ஒரு ராத்திரி, இரண்டே முக்கால் இருக்கும், ஒரு கம்பெனியில் யாரோ உள்ளே நுழைந்த தடயம். முதலில் மெயில் மெஷினில் புகுந்து, அங்கிருந்து கணக்கு மெஷினுக்குப் போனதாக எல்லோரும் சொன்னார்கள். பதிவைப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. இரண்டு மெஷின் கடிகாரத்தையும் ஒப்பிட்டேன். ஏழு நிமிஷ வித்தியாசம். அதைச் சரிசெய்து திருப்பி அடுக்கினால் கதை தலைகீழ். கணக்கு மெஷினில்தான் முதல் ஓட்டை. திருடன் வாசல் வழியாக வரவில்லை. கொல்லைப்புறமாக வந்து வாசல் வழியாகப் போயிருக்கிறான். எல்லோரும் வாசலைப் பூட்டிக்கொண்டிருந்தோம்.

கான்ட்ராக்ட் ஆளை அவர்கள் நிரந்தரமாக்கியது அதற்கு அடுத்த மாதம்.

இது ஏதோ என் பெருமை என்று நினைத்துவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் மத்திய அரசின் செர்ட்-இன் அமைப்பு ஒரு உத்தரவு போட்டது. இணையத் தாக்குதல் நடந்தது தெரிந்தால் ஆறு மணி நேரத்துக்குள் சொல்ல வேண்டும், பதிவுகளை 180 நாள் வைத்திருக்க வேண்டும், எல்லா மெஷின்களின் கடிகாரமும் அரசு சொல்கிற நேரத்தோடு ஒத்துப்போக வேண்டும். 2024 ஜூலை 1 முதல் வந்த புதிய சாட்சியச் சட்டம், மின்னணு ஆதாரத்தோடு சான்றிதழ் கேட்கிறது. அதில் அந்த ஃபைலின் 'ஹாஷ்' எண்ணும் இருக்க வேண்டும். ஹாஷ் என்றால் ஃபைலின் விரல்ரேகை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஒரு புள்ளி மாறினாலும் ரேகை மாறிவிடும். பார்த்தீர்களா, சுற்றிச் சுற்றி அஸிஸுல் ஹக் வீட்டு வாசலுக்கே வந்துவிட்டோம்.

காக்கியிலிருந்து இந்தப் பக்கம் வந்த பெரியவர்களும் இருக்கிறார்கள். நந்தகுமார் சரவடே ஐ.பி.எஸ். அதிகாரியாக இருந்தவர். நாஸ்காம், வங்கிகள் என்று பாதுகாப்புத் துறையில் வேலை பார்த்து, ரிசர்வ் வங்கி தன் ஐ.டி. தேவைக்காக 2016ல் தொடங்கிய 'ரெபிட்' நிறுவனத்தின் முதல் தலைமை அதிகாரி ஆனார். அதிகாரி இறங்குவது படிக்கட்டில். கான்ஸ்டபிள் குதிப்பது மாடியிலிருந்து. இரண்டுக்கும் ஒரே பெயரைச் சொல்லி, 'அவர் போகலையா?' என்று பையன்களுக்கு உற்சாகம் ஊட்டுகிறவர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும்.

எதையும் இழக்கவில்லையா என்று கேட்பீர்கள். 2016 செப்டம்பர் 12. காவிரிப் பிரச்னை. பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்கள் எரிந்தன. பஸ் போக்குவரத்து நின்றுபோனது. எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து கிளம்பி, கிடைத்த வண்டியில் கொஞ்ச தூரம், பிறகு நடை. அத்திப்பள்ளியைத் தாண்டி ஜுஜுவாடி வரைக்கும் ஜனம் மூட்டையும் குழந்தையுமாக நடந்துகொண்டிருந்தது. நான் லேப்டாப் பையோடு நடந்தேன். நம் பக்கத்து எல்லையில் ஹெல்மெட், லத்தியோடு போலீஸ் வரிசை. அதில் என் பேட்ச்காரன் ஒருவன் நின்றான். முகமெல்லாம் தூசி. காலையிலிருந்து நிற்கிறான் என்று பார்த்தாலே தெரிந்தது. என்னைப் பார்த்தவன், ஒரு பாட்டியைக் கைபிடித்து ரோட்டைத் தாண்ட வைத்துக்கொண்டே, 'என்ன மச்சான், டூட்டி முடிஞ்சுதா?' என்றான். முடிந்தது என்றேன். வீட்டுக்கு வந்து குளித்துச் சாப்பிட்டேன். அவனுக்கு டூட்டி முடிந்தது எப்போது என்று கேட்கவேயில்லை. எங்கள் ஹாலில் எத்தனை பெரிய திருட்டு நடந்தாலும் யாரும் அழுதுகொண்டு உள்ளே வருவதில்லை. அது சௌகரியம்தான். ஆனால் சில ராத்திரிகளில், இது யாருக்காக என்று தோன்றும்.

அந்தக் குறையை இப்போது அக்கம்பக்கத்துக்காரர்கள் தீர்த்துவைக்கிறார்கள். 'போலீஸும் தெரியும், கம்ப்யூட்டரும் தெரியும்' என்று தேடி வருகிறார்கள். 2024ல் ஒருநாள், பக்கத்துத் தெருவில் ஒரு ரிடையர்டு மனிதரின் வீட்டம்மா ஓடி வந்தார். கணவர் காலையிலிருந்து அறைக்குள் வீடியோ காலில் இருக்கிறார், வெளியே வரமாட்டேன் என்கிறார், 'டிஜிட்டல் அரெஸ்டாம்' என்று. அப்படி ஒரு கைது இந்தியாவில் எந்தச் சட்டத்திலும் கிடையாது. போய்ப் பார்த்தேன். திரையில் ஒருவன் காக்கியில், தொப்பியோடு, மும்பை டி.ஸி.பி. என்கிறான். தோளில் மூன்று நட்சத்திரம், சிவப்பு நீல ரிப்பன். அது இன்ஸ்பெக்டர் அடையாளம், ஸார். டி.ஸி.பி.க்கு அசோகச் சின்னம் இருக்கும். போனை வாங்கி, 'எந்த பேட்ச்?' என்றேன். கட் பண்ணிவிட்டான். அதற்குள் இரண்டு லட்சம் போயிருந்தது. உடனே 1930க்கு அடித்தோம். ஒரு பகுதியை முடக்கிவிட்டார்கள். உங்களுக்கோ தெரிந்தவர்களுக்கோ இப்படி ஆனால், யாரிடமும் ஆலோசனை கேட்டுக்கொண்டிருக்காமல் முதலில் அந்த நம்பருக்கு அடியுங்கள். பணம் கை மாறிக்கொண்டே போகும். ஒவ்வொரு நிமிஷமும் கணக்கு.

போன மாதம் ஒரு பையன் வந்தான். இருபத்தேழு வயது. இரண்டாம் நிலைக் காவலர். பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ்! எங்கள் காலத்தில் பத்தாவது, பிளஸ் டூ நின்ற அணிவகுப்பில் இப்போது இன்ஜினீயர்கள் நிற்கிறார்கள். 'அண்ணே, நீங்க வந்த மாதிரி நானும் வந்திடலாம்னு இருக்கேன்' என்றான். உட்கார வைத்து, கேட்க வேண்டியதைக் கேட்டேன். எத்தனை வருஷ சர்வீஸ், வீட்டுக் கடன் எவ்வளவு, ராஜினாமா எழுதினால் கைக்கு என்ன வரும் என்று ஆபீஸில் விசாரித்தாயா, எட்டு மாதம் சம்பளம் இல்லாமல் ஓட்ட முடியுமா. நான் வந்தபோது டிபார்ட்மென்ட்டுக்குள் கம்ப்யூட்டருக்கு இருந்த இடம் பீரோவுக்குப் பக்கத்து மூலை. இன்றைக்கு மாவட்டத்துக்கு மாவட்டம் சைபர் கிரைம் ஸ்டேஷன் இருக்கிறதே, அங்கே மாற்றல் கேட்டுப் பார்த்தாயா என்றும் கேட்டேன்.

'கேட்கலைண்ணே.'

'முதல்ல அதைக் கேளு. ராஜினாமாவை எப்ப வேணா எழுதலாம்.'

'நீங்க மட்டும் எழுதினீங்களே?' என்றான். பதில் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவனுக்கு ஸ்டேஷனிலிருந்து போன் வந்துவிட்டது. பாதி டீயை வைத்துவிட்டு ஓடினான். சந்திரசூடேஸ்வரர் கோயில் தேர் பந்தோபஸ்து முடிந்ததும் ஒரு நாள் லீவு கேட்டிருக்கிறானாம். கிடைத்தால் வருவான்.